எசெல் பெயரில் நின்றவன்

ஹாய்ட் கான்ட்ரெலுக்குப் பேஸ்பால் ஆட வராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய மில் அணிகளின் பட அட்டைகளைத் தேடித் தேடி வாங்குகிறவர்கள் இன்று அவன் முகத்தைப் பார்த்து, மூன்றாவது பேஸில் நின்ற சூரன் இவன்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் எங்கள் அணிக்குத் தண்ணீர் வாளி தூக்கியவன், மட்டைகளைத் துடைத்து அடுக்கியவன். பந்து உயரே வந்தால் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். நாங்கள் வயிறு வலிக்கச் சிரிப்போம், அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான்.

தெற்குக் கரோலினாவில் ஆற்றை ஒட்டி இருந்தது எங்கள் நெசவு மில். நன்றாகப் பந்தாடுகிறவனுக்கு அங்கே நோகாத வேலை, குடியிருக்க மில் வீடு. ஆட முடியாமல் போனால் இரண்டும் போய்விடும். சனிக்கிழமை மத்தியானம் ஊரே மைதானத்துக்கு வந்துவிடும். மறுநாள் பாதிரியார்கூட ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை பேசாமல் பிரசங்கத்தைத் தொடங்க மாட்டார். மட்டை பிடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் வேலை எனக்கு. மூன்றாவது பேஸில் லம்மி எசெல். அவ்வளவு தூரத்திலிருந்து அவன் எறிந்தாலும் நான் கையை அசைக்க வேண்டியதில்லை, பந்து தானாக வந்து என் கையுறைக்குள் விழும்.

1912இல் மில் முதலாளிக்கு ஒரு யோசனை தோன்றியது. அணியைப் படம் எடுத்து, உள்ளங்கை அளவு அட்டையில் அச்சடித்து, விற்பனைக்குப் போகும் துணிக்கட்டு ஒவ்வொன்றிலும் ஒன்று வைப்பது. படத்துக்குக் கீழே போடவேண்டிய பெயர்களை முன்கூட்டியே அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். படம் எடுக்க இரண்டு நாள் இருக்கும்போது, யாருக்கோ உதவப் போன லம்மி, அடைத்துக்கொண்ட பஞ்சு எந்திரத்தில் கையை விட்டான். வலது கையில் மூன்று விரல்கள் போய்விட்டன.

படத்தில் ஒன்பது பேர் நிற்க வேண்டும். மேஸ்திரி சுற்றுமுற்றும் பார்த்து ஹாய்டைக் கூப்பிட்டு, லம்மியின் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். சாம்பல் நிறச் சட்டை, நெஞ்சில் சிவப்பு எழுத்தில் மில்லின் பெயர். மூன்று வருடமாக அந்தச் சட்டைகளை மூட்டை கட்டித் தூக்கியவன், அன்றுதான் முதல்முறையாக ஒன்றைப் போட்டான். நாங்கள் வரிசையாக நின்ற பிறகு, கையில் பெரிய கட்டோடு லம்மி வந்து சேர்ந்தான்.

"ஹாய்ட், சட்டையக் கழட்டிக் குடுடா. கைய முதுகுக்குப் பின்னால வச்சுக்கிறேன், படத்துல தெரியாது. ஒரு நிமிஷந்தான்டா."

ஹாய்ட் மேல் பொத்தானில் கை வைத்தான். மேஸ்திரியைப் பார்த்தான். கையை எடுத்துவிட்டான்.

"மேஸ்திரி என்னத்தான் போடச் சொன்னாரு, லம்மி."

மற்ற எட்டுப் பேரும் நின்றுகொண்டிருந்தோம். கொடுத்துவிடடா என்று ஒருத்தனும் சொல்லவில்லை. அந்த வாரமே லம்மி வீட்டைக் காலி செய்துகொண்டு மனைவியோடும் கைக்குழந்தையோடும் ஊரைவிட்டுப் போனான். அடுத்த குளிர்காலத்தில் நிமோனியாவில் செத்துப்போனதாகக் கேள்விப்பட்டோம்.

அட்டை வந்தது. ஹாய்டின் முகத்துக்குக் கீழே லம்மி எசெல் என்று போட்டிருந்தது. அச்சுக்காரன் பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டான் என்று சொல்லி, அதை வெர்டி என்ற பெண்ணிடம் காட்டித்தான் ஹாய்ட் அவளைக் கட்டிக்கொண்டான். கல்யாணமான மறுமாதம் உண்மையைச் சொன்னான். அவள் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை. அதன் பிறகு அவன் ஆட்டம் பார்க்கக்கூட மைதானத்துப் பக்கம் வந்ததில்லை. தறி பழுது பார்க்கும் வேலையில் தலை நரைக்கும்வரை இருந்தான். நான் விட்டேனா? மில் வாசலில் நாலு பேர் கூடியிருந்தால் போதும், "என்ன எசெல், சாப்பிட்டாச்சா?" என்று சத்தமாகக் கேட்பேன். வெட்கத்தில் அவன் காது சிவந்துவிடும். அவனுக்கு அது வேண்டும் என்று நாற்பது வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

1951இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து ஹாய்ட் வீட்டில் அவரைக்காயும் சோளரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் வந்தாள். லம்மியின் மகள் ஐடெல்லாவாம். பழைய அணியில் மிச்சம் நாங்கள் இருவர்தான் என்று கடைத்தெருவில் கேட்டறிந்து வந்திருந்தாள். கைப்பைக்குள்ளிருந்து அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"எங்கப்பா முகமே எனக்கு ஞாபகமில்லீங்க. வீட்டுல ஒரு படம்கூடக் கெடையாது. பழைய அட்டை விக்கிறவரு ஒருத்தர்கிட்ட இது இருந்துச்சு, ஆறு கோழிய வித்து வாங்கினேன். என் சின்னப் பையனுக்கு அப்படியே இந்த மூக்குதான்னு எல்லாரும் சொல்றாங்க. அவரப் பத்தி எதுனா சொல்லுங்க மிஸ்டர் கான்ட்ரெல்."

அவளால் ஹாய்டை அடையாளம் கண்டுகொள்ள முடியவில்லை. முகம் அவ்வளவு மாறிவிட்டிருந்தது. நான் மேசைக்கு அடியில் அவன் காலை மிதித்தேன், சொல்லிவிடாதே என்று. அந்தப் பெண்ணின் நல்லதுக்காகவே மிதித்ததாக அப்போது நினைத்தேன்.

ஹாய்ட் கரண்டியைக் கீழே வைத்தான்.

"இது உங்கப்பா இல்லம்மா. இது நான்."

சட்டை, பொத்தான், மேஸ்திரி எல்லாவற்றையும் சொன்னான். லம்மி கெஞ்சியதையும் விடவில்லை. வெர்டி எழுந்து அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டாள். ஐடெல்லா அழவில்லை. அழுதிருந்தால் தேவலை.

"அப்போ எங்கப்பா எங்க இருந்தாரு?"

"படப்பெட்டிக்குப் பக்கத்துல. கட்டுப்போட்ட கையோட, எங்களயே பாத்துக்கிட்டு."

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். ஒவ்வொரு முகமாக விரலை வைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்போ நீங்க எல்லாரும் எங்கப்பாவத்தான் பாக்குறீங்க. நீங்க மட்டும் தலையக் குனிஞ்சிருக்கீங்க, மிஸ்டர் கான்ட்ரெல்." விரல் ஓரத்து முகத்தில் வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இது நீங்கதானே? நீங்க ஏன் சிரிக்கிறீங்க?"

"லம்மி, இனிமே மூணு அவுட்ட எந்த விரல்லடா எண்ணுவ?" என்று அன்றைக்கு வரிசையில் நின்றபடி நான்தான் கத்தினேன். அந்த நொடியில்தான் படம் எடுத்தார்கள்.

ஹாய்டுக்கு அது தெரியும். மில் வாசலில் நான் அவனை எத்தனை முறை எசெல் என்று கூப்பிட்டிருப்பேன். அன்று நான் கத்தியதை ஒருமுறைகூட அவன் எனக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டியதில்லை. இப்போதும் சொல்லவில்லை, தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.

"படம் எடுக்கிறவரு சிரிக்கச் சொன்னாரும்மா," என்றேன்.