இடைக்கிடை வந்து உதவி செய்தவர்

நீங்கள் பொய் சொன்னீர்கள். போன மாதம் உங்கள் இசைக்குழுவின் வெள்ளிவிழா என்று தொலைக்காட்சியில் உட்கார்ந்து, நரைத்த தாடியைத் தடவிக்கொண்டு, நாடு முழுவதும் பார்க்கப் பொய் சொன்னீர்கள். முதலில் உங்களோடு பாஸ் கிட்டார் வாசித்தவர் எங்கே என்று நிகழ்ச்சி நடத்திய பெண் கேட்டாள். அவருக்கு வெளிநாடு போக ஆசை, போய்விட்டார், நாங்கள் தடுக்கவில்லை என்றீர்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இசைக்கு இனமில்லை, மொழியில்லை என்றும் சொன்னீர்கள். அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

அவர் என் மாமா. அம்மாவின் கடைசித் தம்பி. அவருக்கு வெளிநாடு போக ஆசை இருந்ததே இல்லை. கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் சின்னத் தெரு, அந்த ஒழுங்கை, கடலில் போய் முடியும். நடுவில் ரயில் தண்டவாளம். அதற்கு இந்தப் பக்கம் கல்லில் இருந்து கிட்டார் தட்டுவதைத் தவிர அவர் எதற்கும் ஆசைப்பட்டதை நான் காணவில்லை. நான் இதை எழுதப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, "விடு பிள்ளை, பழைய கதை. அவங்களும் பாவம்" என்றார். யார் பாவம்? மாமாவால் விட முடிகிறது. என்னால் முடியவில்லை.

நீங்கள் ஐந்து பேரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். நான்கு பேர் சிங்களப் பிரிவு, மாமா தமிழ்ப் பிரிவு. நுகேகொடையில் உங்கள் வீட்டுக் கராஜில்தான் பயிற்சி. கல்லூரிக் களியாட்ட விழாவில் முதலில் வாசித்தீர்கள். பிறகு கொட்டாஞ்சேனையில் ஒரு கோயில் மண்டபத்தில். அன்றைக்கு மாமா எங்கள் ஒழுங்கைப் பிள்ளைகள் எல்லோரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். பஸ்ஸில் தமிழில் கதைக்காதீர்கள் என்று அம்மாமார் சொல்லி அனுப்பியிருந்ததால் போகும்போது வாயை மூடிக்கொண்டு போனோம். மண்டபத்துக்குள் போனதும் சேர்த்து வைத்த சத்தத்தை எல்லாம் கத்தித் தீர்த்தோம். உங்களுக்கு முதல் முதல் கத்திய ரசிகர்கள் நாங்கள்தான். நான் உங்களைச் சிங்களத்தில் 'அய்யே' என்று கூப்பிட்டேன். சொந்த அண்ணன் இல்லாத எனக்கு நீங்கள்தான் அண்ணன் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் திரிந்தேன்.

பிறகு அந்தப் பாட்டு வந்தது. எஃப்.எம். வானொலிகள் அதை விடாமல் போட்டன. பஸ்ஸில், கசெட் கடையில், ரியூஷன் வகுப்புக்கு வெளியே நிற்கும் சைக்கிள் பையன்களின் வாயில், எங்கும் அதுதான். அதுவரை ஆங்கிலத்தில் பாடிய நீங்கள் சிங்களத்தில் காதல் பாட்டுப் பாடிவிட்டீர்கள் என்று உங்கள் கல்லூரிப் பழைய நண்பர்கள் கோபித்துக்கொண்டார்கள். விலைபோய்விட்டீர்களாம். மாமா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். "வித்துப்போட்டமாம்! ஆர் வாங்கினது எண்டு சொன்னா நான் போய் சல்லியை வாங்கிக்கொண்டு வருவன்" என்றார்.

அதுவரை, கிட்டார் தட்டி எந்தக் குடும்பம் உருப்பட்டது என்று கேட்ட அன்ரிமார் எல்லாம் இப்போது மாமாவைக் கண்டால் நின்று கதைத்தார்கள். மேல்மாடி அன்ரி, "தம்பி, அந்தப் பாட்டுத் தொடங்கேக்க ஒரு உறுமல் கேக்குதே, அது நீர்தானே?" என்று கேட்டார். மாமாதான். அந்த உறுமலைக் கேட்டவுடன்தான் பஸ்ஸில் பெண்பிள்ளைகள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொள்வார்கள். நீங்கள் வாய் திறப்பதற்கு முன்னரே பாட்டு வென்றுவிடும்.

அந்த உறுமல் ஒரு பிஸ்கட் தகரத்திலிருந்து வந்தது. உங்களுக்குத் தெரியும். கடையில் வாங்க வசதியில்லாமல் மாமா தானே ஈயம் பற்றவைத்துச் செய்த பெட்டி அது. மேலே காலால் மிதிக்க ஒரு சுவிட்ச். உள்ளே ஒரு சின்ன பற்றரி, சிவப்பும் கறுப்புமாக வயர்கள். கிட்டாரை அதற்குள் கொடுத்து மிதித்தால் சத்தம் கரகரத்துப் பெருகும். கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு தமிழ்ப் பையன் பற்றரி, வயர், சுவிட்ச் உள்ள ஒரு தகரப் பெட்டியைப் பையில் கொண்டு திரிவது எவ்வளவு மடத்தனம் என்று உங்கள் யாருக்கும் தோன்றவில்லை. மாமாவுக்கும் தோன்றவில்லை. அதை எப்போதும் கராஜிலேயே வைத்திருந்தீர்கள். தொலைக்காட்சியில் உங்கள் முதல் நேரடி நிகழ்ச்சிக்கு ஒரு நாள் இருக்கும்போது அது வேலை செய்யாமல் போனது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்திக்கொண்டு வா என்று சொன்னது நீங்கள்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். மாமாவின் பையைத் திறந்தார்கள். அவ்வளவுதான். வீதியை மூடி, ஆட்களை ஓடச் சொல்லி, மாமாவைத் தார் ரோட்டில் முகம் குப்புறப் படுக்கவைத்தார்கள். குண்டு இல்லை என்று ஒருமணி நேரத்தில் அவர்களுக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அது என்ன என்று தெரியவில்லை.

பின்னேரம் நானும் அம்மாவும் பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். அப்பா அப்போது கட்டாரில் வேலையில். அம்மாவுக்குச் சிங்களம் வராது. மீன்காரனிடம் விலை கேட்கும் அளவுக்குத்தான் தெரியும். ஒழுங்கைப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகியதால் எனக்குத் தண்ணீராய் ஓடும். ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளர். பொறுப்பதிகாரி கெட்ட மனிதர் இல்லை. பெட்டியை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாட்டுப் பெட்டி என்று இவன் சொல்கிறான். அந்தக் குழுவில் இருக்கிறேன் என்கிறான். அப்படியென்றால் அவர்களில் ஒருவரைக் கூட்டி வா. கிட்டாரைக் கொண்டுவந்து வாசித்துக் காட்டட்டும். இவன் எங்கள் ஆள் என்று சொல்லட்டும். கூட்டிக்கொண்டு போகலாம்" என்றார். நான் ஒரு சொல் விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அவரைக் கும்பிட்டார்.

உங்கள் வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தோம். விஷயத்தைச் சொன்னதும், நீங்கள் வீட்டில் இல்லை என்றார்கள். ஓட்டோ பிடித்து நுகேகொடைக்கு வந்தோம். நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். கராஜ் கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே உங்கள் மற்ற மூன்று நண்பர்களும் நின்றார்கள். எங்களைக் கண்டதும் ஒருவர் டிரம்மின் ஆணியை முறுக்கத் தொடங்கினார், மற்ற இருவரும் நிலத்தைப் பார்த்தார்கள். மாமாவின் இடத்தில் நான் முன்பு கண்டிராத ஒருவர் பாஸ் கிட்டாரோடு நின்றார். மாமா வரும்வரை யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார், பஸ்ஸில் கைக்குட்டை போடுவது மாதிரி, என்று நினைத்துக்கொண்டேன்.

நீங்கள் கேற்றுக்கு வந்தீர்கள். அம்மா தமிழில் அழுதார். நான் சிங்களத்தில் சொன்னேன்.

"இப்பவே வரச் சொல்லு பிள்ளை. அஞ்சு நிமிஷம் போதும் எண்டு சொல்லு. அவன்ர கையைப் பிடிச்சுச் சொல்லு" என்றார் அம்மா.

நான் உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன். நீங்கள் குந்தி என் உயரத்துக்கு வந்து, தங்கை என்று உரிமையோடு, "நங்கி, அம்மாவை அழ வேண்டாம் என்று சொல். நாளைக்குக் காலையில் கிட்டாரோடு வருகிறேன். கட்டாயம்" என்றீர்கள். உங்கள் படம் போட்ட ஒரு போஸ்டரைக் கொண்டுவந்து, என் பெயரைக் கேட்டு, கையெழுத்துப் போட்டும் தந்தீர்கள். திரும்பி வரும்போது ஓட்டோவில் அம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். நான் போஸ்டர் மடிந்துவிடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் காலையிலேயே பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் போய் இருந்தோம். நீங்கள் வரப்போகிறீர்கள் என்று நான் எல்லோருக்கும் அறிவித்தேன். உடனே அந்த இடமே மாறிவிட்டது. ஒரு கொன்ஸ்தபிள் என்னிடம் வந்து, "உண்மையாகவே அவரா? அந்தப் பாட்டுக்காரரா?" என்று கேட்டார். தன் தங்கை அந்தப் பாட்டை இரவு பகலாகக் கேட்கிறாள் என்றார். கையெழுத்து வாங்க ஒரு கடதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொருவர் அந்த உறுமலை வாயால் செய்து காட்டினார். எனக்குத் தேத்தண்ணி வந்தது. அம்மாவுக்கு மின்விசிறிக்குக் கீழே கதிரை வந்தது. மாமாவைப் பார்க்கக்கூட விட்டார்கள். மாமாவின் ஒரு கன்னம் தார் ரோட்டில் உரஞ்சி வீங்கியிருந்தது.

"வாறன் எண்டு சொன்னவனோ?" என்று மாமா கேட்டார்.

"ஓம். கிட்டாரோட வாறாராம்" என்றேன்.

"அப்ப வருவான். சொன்னா வருவான். அவனுக்கு அந்தச் சுவிட்சை மிதிக்கத் தெரியாது, நான்தான் மிதிச்சுக் காட்டவேணும்" என்று சிரித்தார்.

காலை போனது. மத்தியானம் போனது. ஒவ்வொரு வாகனத்துக்கும் கொன்ஸ்தபிள் எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தார். பொலிஸ் அல்லவா, சந்தேகப்படுவதுதானே தொழில்? ஆனால் அன்றைக்கு அந்த நிலையத்தில் ஒருவரும் உங்களைச் சந்தேகிக்கவில்லை. இதை நீங்கள் விளங்கிக்கொள்ள வேண்டும். அவர்கள் மாமாவைப் பிடித்து வைக்கத் துடித்துக்கொண்டு இருக்கவில்லை. உங்களுக்காகக் காத்திருந்தார்கள். உங்கள் ரசிகர்கள். நீங்கள் வந்து, தேத்தண்ணி குடித்து, 'எங்கள் ஆள்' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால், ஜீப்பிலேயே கொண்டுவந்து எங்களை வீட்டில் விட்டிருப்பார்கள்.

பொழுதுபட, உள் அறையில் இருந்த தொலைக்காட்சியில் உங்கள் நிகழ்ச்சி தொடங்கியது. கொன்ஸ்தபிள்தான் என்னை ஓடிவந்து கூப்பிட்டார். அம்மாவும் எழுந்து வந்தார். பொறுப்பதிகாரி கதவில் சாய்ந்து நின்றார். நீங்கள் பளபளக்கும் சட்டையோடு வந்தீர்கள். நான் கைதட்டினேன். பாட்டுத் தொடங்கியது, உறுமல் இல்லாமல். பாட்டு முடிய நிகழ்ச்சி நடத்தியவர் கேட்டார், கசெட் உறையில் இருக்கும் ஐந்தாவது ஆளைக் காணவில்லையே என்று. நீங்கள் ஒரு கணமும் யோசிக்கவில்லை.

"அவர் இடைக்கிடை வந்து உதவி செய்தவர். குழுவில் இல்லை. அவரைப் பற்றி எங்களுக்குப் பெரிதாகத் தெரியாது."

பிறகு புது ஆளின் தோளில் கை போட்டீர்கள்.

கொன்ஸ்தபிள் சட்டைப் பையிலிருந்த கடதாசியை எடுத்துக் கசக்கினார். பொறுப்பதிகாரி தன் மேசைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"என்ன சொன்னவன்?" என்று அம்மா என்னைக் கேட்டார்.

"மாமா இடைக்கிடைதான் வாறவராம்."

அம்மா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

அம்மா ஏன் அப்படி நிலத்தில் குந்தினார் என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளிக்கூடத்தில் வரவு குறைந்த பிள்ளையை விழாவில் சேர்க்கமாட்டார்கள். இதுவும் அப்படி ஒரு முறைப்பாடு என்று நினைத்தேன். ஆகவே பொறுப்பதிகாரியிடம் போய் மாமாவுக்காக வாதாடினேன். மாமா எல்லாப் பயிற்சிக்கும் போனவர், சோதனைச் சாவடியில் மறித்த நாட்களில் மட்டும்தான் பிந்தினவர், அதற்கு அவர் என்ன செய்வது என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னார். கையெழுத்துக் கிடைக்காத கோபம் என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை மாமாவை வேறு இடத்துக்கு ஏற்றிவிட்டார்கள். எங்கே என்று கண்டுபிடிக்கவே அம்மா எத்தனையோ வாசல் ஏறினார்.

அடுத்த தீபாவளியும் போன பிறகுதான், வழக்கு என்று ஒன்றே இல்லாமல், விட்டார்கள். வலது கையின் இரண்டு விரல்கள் மடியவில்லை. எப்படி என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அதற்குள் மேல்மாடி அன்ரி எங்களைக் கண்டால் படியேறிப் போய்விடுவார். ஒழுங்கைப் பிள்ளைகள் உங்கள் பாட்டைப் பாடிக்கொண்டுதான் இருந்தார்கள், எங்கள் வாசலைத் தாண்டும்போது மட்டும் நிறுத்துவார்கள். இருந்த நகையை எல்லாம் விற்று அம்மா அவரைக் கப்பல் ஏற்றாத குறையாக அனுப்பிவைத்தார். அதைத்தான் நீங்கள் வெளிநாட்டு ஆசை என்கிறீர்கள்.

உங்களுக்குப் பயம் இருந்திருக்கும். அதையும் நான் யோசிக்காமல் இல்லை. தமிழ்ப் பையனுக்காகப் பொலிஸுக்குப் போனால் நிகழ்ச்சி போய்விடும், பெயர் போய்விடும் என்று உங்கள் மேலாளர் சொல்லியிருக்கலாம். சரி, வராமல் இருந்திருக்கலாம். ஆயிரம் பேர் வரவில்லை. ஆனால் நீங்கள் வராமல் மட்டும் இருக்கவில்லை. தெரியாது என்று சொன்னீர்கள். அதுவும் கேற்றடியில் அல்ல, நாடு முழுவதும் கேட்க. பொறுப்பதிகாரியும் கேட்டார். உள்ளே கம்பிக்குப் பின்னால் இருந்த மாமாவுக்கும் அந்தச் சத்தம் கேட்டிருக்கும். கேட்டதா என்று அவரிடம் கேட்க இத்தனை வருடமாக எனக்குத் துணிவு வரவில்லை.

எனக்குத் தனியாகக் கடிதம் போட வேண்டாம். மன்னிப்பு என்று ஆள் அனுப்ப வேண்டாம். அன்றைக்கு எல்லோரும் பார்க்கச் சொன்னீர்கள், போன மாதமும் எல்லோரும் பார்க்கச் சொன்னீர்கள். அதே கமராவுக்கு முன்னால் போய் இருந்து, பொறுப்பதிகாரி கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். மாமா உங்கள் ஆளா, இல்லையா?