அக்கா தைத்த கொடி

செய்தி எனக்குப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் வந்தது. உடைந்த காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். சூசை அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டபோதெல்லாம், "பக்கத்து வார்டுல நல்லாத்தான் இருக்காரு" என்று நர்சம்மா சொல்லிக்கொண்டிருந்தார். கடைசியில் அண்ணனுடைய ஊரிலிருந்து கோயில் உபதேசியார் வந்தார். துண்டைக் கையில் சுருட்டியபடி, "சூசையை அடக்கம் பண்ணிட்டுத்தான் வாரேங்க" என்றார். காலில் கட்டை இருந்ததால் புரண்டு படுத்து அழக்கூட முடியவில்லை. ஒரே விமானத்தில்தான் இருந்தோம். பின்னால் உட்கார்ந்து ஓட்டியவர் போய்விட்டார், முன்னால் சும்மா உட்கார்ந்திருந்த நான் கிடக்கிறேன்.

சென்னையில் விமானம் ஓட்டப் பழக்கும் சங்கத்தில் அவர் விமானி, நான் மெக்கானிக். அவருக்கு ஆவூர்ப் பக்கம், எனக்குக் கட்டுமாவடி. அந்த ஒன்றுக்காகவே என்னைத் தம்பியாக்கிக்கொண்டார். முன்கோபக்காரர். யாராவது அவசரப்பட்டுத் தரையிறங்கினால் எல்லார் முன்னாலும் வறுத்தெடுப்பார். "எறங்க என்னடா அவசரம்? பெட்ரோல் இருக்கிற வரைக்கும் மேல ஒன்னும் ஆகாது. தரைதான்டா ஆளைக் கொல்லும்." சங்கத்தில் இந்தத் திட்டை வாங்காதவர் யாராவது உண்டா?

ஒருமுறை எங்கள் ஊருக்கு வந்து அப்பாவின் படகில் ஏறினார். கரை மறைவதற்குள் வாந்தி. "ஆகாசத்துல பறக்குறவுகளுக்கு ரெண்டு அலை தாங்கலையா?" என்று அப்பா சிரித்தார். அண்ணன் வாயைத் துடைத்துக்கொண்டு, "அங்கிட்டு காத்து மட்டுந்தாங்க. இங்கிட்டு ஒங்க மீனும்ல நாறுது" என்றார். அப்பா அதைப் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

ஊர்த் திருவிழாவுக்குத் தம்பி விமானத்திலேயே வந்து இறங்க வேண்டும் என்பது, அவரை வளர்த்த அந்தோணியம்மாள் அக்காவின் ஆசை. வற்றிய கண்மாயில் இறங்குவதாக ஏற்பாடு. எதிர்காற்றில் இறங்கினால்தான் விமானத்தின் வேகம் அடங்கும். அதனால் காற்றின் திசை தெரிய மூங்கிலில் ஒரு துணியைக் கட்டிப் பறக்கவிடும்படி அண்ணன் சொல்லி அனுப்பியிருந்தார். அக்கா வெள்ளைத் துணி வாங்கி, நடுவில் சிவப்புச் சிலுவை வைத்துத் தைத்தார். அங்கேதான் எல்லாம் கெட்டது. சிலுவை தைத்துவிட்டால் அது வெறும் துணி இல்லை, கோயில் கொடி. கோயில் கொடி மடங்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். மறு ஓரத்தையும் இன்னொரு மூங்கிலில் இழுத்துக் கட்டிவிடுவார்கள். காலையில் கிழக்கிலிருந்து கொண்டல் வீசியபோது, பறந்த வாக்கிலேயே இழுத்துக் கட்டியிருக்கிறார்கள். மதியத்துக்கு மேல் காற்று மாறி, மேற்கிலிருந்து கச்சான் அடித்தது. கொடி மட்டும் காலைக் காற்றையே காட்டிக்கொண்டு நின்றது. இதை உபதேசியார்தான் என்னிடம் தனியாகச் சொன்னார்.

மேலிருந்து நாங்கள் கண்டது அந்தக் கொடியைத்தான். "டேய், அக்கா கொடியப் பாத்தியாடா! சிலுவை வேற!" என்று இரண்டு இருக்கைக்கும் நடுவே ஓடும் பேச்சுக்குழாயில் அண்ணன் சிரித்தார். எதிர்காற்று என்று நம்பிக் கிழக்கு நோக்கி இறங்கினோம். காற்றோ பின்னாலிருந்து தள்ளியது. சக்கரம் தரையைத் தொட்டும் வேகம் அடங்கவில்லை. கண்மாய்க்கரை நேரே வந்தது. "காத்து திரும்பிருச்சுடா!" என்று கத்தியபடி மறுபடி மேலே தூக்கப் பார்த்தார். அப்போது பக்கவாட்டில் ஒரு வீச்சு வந்து சாய்த்தது. இறக்கை கரையில் மோதிக் கவிழ்ந்தோம்.

அக்கா ஆஸ்பத்திரிக்கு வந்து என் தலைமாட்டில் உட்கார்ந்தார். கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என் கொடி அவன் கண்ணுல பட்டுச்சாய்யா?"

"பட்டுச்சுக்கா. பாத்துச் சிரிச்சாரு."

"அது போதும்ய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்படியே செத்துவிடலாம் போலிருந்தது எனக்கு.

அண்ணனை அறிந்தவர்களே, துக்கம் கேட்க அந்த ஊருக்குப் போவீர்கள். அக்காவுக்கு எழுத்து தெரியாது. தயவுசெய்து நான் எழுதிய இதை யாரும் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டாம். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். அக்கா கேட்கும்போதெல்லாம் அதைச் சொல்கிறேன், அதோடு நிறுத்திக்கொள்கிறேன். வரும் திருவிழாவுக்கு அந்தக் கொடியைத் தம்பியின் கல்லறை மேல் ஏற்றப் போகிறாராம். மடங்காமல் இழுத்துக் கட்ட என்னை வரச் சொல்லியிருக்கிறார்.