ஜெரண்ட் கேட்டு வந்த சம்பந்தம்

கடம்பத்தூரிலிருந்து அத்தையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று தகவல் வந்த அன்றே எங்கள் வீட்டுக்குள் ஜெரண்டும் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஓய்வு பெற்ற இங்கிலீஷ் வாத்தியார். மற்றவர்கள் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். இந்த மனிதர் ஜெரண்ட் என்றால் என்ன என்று கேட்பாராம். பதில் வராததால் எங்கள் தெருவிலேயே ஒரு பெண்ணை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்.

நைனாவுக்கு இந்தச் சம்பந்தத்தை விட மனசில்லை. எஸ்.எஸ்.எல்.சி. முடித்த தன் தங்கையிடம் பரண் மேலிருந்த இலக்கணப் புத்தகத்தை இறக்கிக் கொடுத்தார். அத்தை ஒப்பிக்கும்போது உட்கார்ந்து கேட்பது என் வேலை. எனக்கோ அப்போது இங்கிலீஷில் என் பெயரை எழுதவே நாக்கு வெளியே வந்துவிடும்!

"வெர்பு மாதிரி இருக்கும், நவுன் வேலை பாக்கும். கடைசில ஐ.என்.ஜி. வரும். ஸ்விம்மிங் இஸ் குட்." மாவு அரைக்கும்போதும் துணி துவைக்கும்போதும் அத்தைக்கு இதே பேச்சு. கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடமாகிவிட்டது.

அவர்கள் வந்தார்கள். அம்மா பஜ்ஜித் தட்டை வைத்தாள். மாப்பிள்ளை கையை நீட்டி, அப்பாவின் முகத்தைப் பார்த்து, அவர் தலையசைத்த பிறகுதான் ஒன்றை எடுத்தார். இரண்டாவதுக்கும் அதே மாதிரி பார்த்தார். என்ன மரியாதை தெரிந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டேன். காபி கொண்டுவந்த அத்தையும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். ஜெரண்ட் வந்தே விட்டது.

"தெரியாதுங்க" என்றாள் அத்தை.

நைனாவின் முகத்தில் ஈயாடவில்லை. எனக்குப் பொறுக்குமா? "எனக்குத் தெரியும்!" என்று எழுந்து ஒரே மூச்சில் ஒப்பித்தேன். "அத்ததான் தெனம் சொல்லிக்கினு இருந்தாங்க!" என்றும் சேர்த்துச் சொன்னேன். அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அப்பப்பா!

வாத்தியாருக்கு வாயெல்லாம் பல். "பயத்துல மறந்துட்டிருக்கும். ஒரே ஒரு எக்ஸாம்பிள் சொல்லும்மா, போதும்" என்றார்.

அத்தை மோட்டுவளையைப் பார்த்து ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு பச்சைக் குழந்தை போல முகத்தை வைத்துக்கொண்டு, "கிங்" என்றாள். "ராஜாங்க. கடைசில ஐ.என்.ஜி. வருதே!"

வாத்தியார் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். ஊருக்குப் போய்க் கடிதம் போடுவதாகச் சொல்லிவிட்டு எழுந்தார். அப்படிச் சொன்னால் கடிதம் வராது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"இன்னாம்மா இப்டிப் பண்ணிட்ட? அவ்ளோ படிச்சியே!" என்று நைனா தலையில் கை வைத்து உட்கார்ந்தார். அத்தை அடுப்படிக்குள் போனாள். பாவம், அழப்போகிறாள் என்று நானும் பின்னாலேயே ஓடினேன்.

"பஜ்ஜி எடுக்கவே அப்பா மூஞ்சியப் பாக்குறாரு அண்ணி. அந்த ஊட்டுல போயி நான் எப்டிக் குப்ப கொட்றது?" என்று அம்மாவிடம் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "அடிப்பாவி! அண்ணனாண்ட மூச்சு வுட்டுடாத" என்றாள். பஜ்ஜிக்கும் ஜெரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு விளங்கவில்லை. அத்தையின் முகத்தில் மட்டும் ஜுரம் விட்ட தெளிச்சல் இருந்தது. மிச்சம் இருந்த பஜ்ஜியை நாங்கள் மூன்று பேரும் தீர்த்தோம்.

அடுத்த அமாவாசைக்கு அத்தை என்னைக் கோயில் குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேண்டிக்கொண்டது பலித்தால் அந்தத் தண்ணீரில் வெல்லம் கரைப்பது எங்கள் ஊர் வழக்கம். முழங்கால் தண்ணீரில் நின்று அத்தை ஒரு பெரிய வெல்ல உருண்டையைச் சிரிக்கச் சிரிக்கக் கரைத்தாள்.

"கல்யாணந்தான் நடக்கலியே அத்தே, இன்னாத்துக்கு வெல்லம்?" என்று கேட்டேன்.

"அதுக்குத்தாண்டி" என்றாள்.

பயத்தில் ஜெரண்டை மறந்தது போதாதென்று எதற்கு வெல்லம் கரைப்பது என்பதையும் இவள் மறந்துவிட்டாளே என்று எனக்குக் கவலையாகிவிட்டது. அத்தைக்குச் சீக்கிரம் நல்ல ஞாபகசக்தி கொடு என்று அங்கேயே கண்ணை மூடி நானும் வேண்டிக்கொண்டேன்.