எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்த விதம்

பொதுமக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு: சேந்தமங்கலம் - நாமக்கல் டவுன் பஸ்ஸில் இன்று காலை எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது.

அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த பெரியவர், பக்கத்தில் போய் உட்கார்ந்த என்னிடம், "எங்க சாமி போற?" என்று அன்பாகத்தான் கேட்டார்.

"ஆஸ்பத்திரிக்குங்க. போதை மாத்திரைய உட்டு நாலு மாசமாச்சு, டாக்டர் வரச் சொன்னாருங்க."

உடனே சட்டைப்பையிலிருந்த செல்போனை எடுத்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார்.

"ஏனுங்க, மோதிரத்த மறந்துட்டீங்களே" என்றேன்.

"திமிரப் பாரு! உங்களையெல்லாம் உள்ள வெச்சுப் பூட்டோணும்" என்று எழுந்தார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"நான் மாத்திரைய உட்டுட்டேனுங்க. நீங்க சந்தேகத்த எப்ப உடுவீங்க? வாங்க, உங்களுக்கும் ஓபி சீட்டு வாங்கித் தாரேன்."

நாமக்கல் வரை அவர் நின்றுகொண்டே வந்தார். நான் ஜன்னலோரம் நகர்ந்து, நாடு பிடித்த மன்னனைப் போலக் காலை நீட்டிக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். போதை மீட்பு வார்டில் என் முதல் நாள், பக்கத்துக் கட்டிலில் சிகிச்சையிலிருந்த லாரி டிரைவர் அண்ணன், "சாப்டியா சாமி?" என்று கேட்டார். செல்போனை ஜட்டிக்குள் செருகிக்கொண்டு திரும்பிப் படுத்தேன்.

அந்த அண்ணனும் இந்தப் பதிவைப் படிப்பார். மன்னிப்பை எப்படி ஆரம்பிப்பது, யாராவது சொல்லுங்கள்.