அம்மியாக மிதித்த கல்

இது கட்டுக்கதையன்று. சென்ற ஏப்ரலில், டெக்சஸ் மாநிலத்து ரிச்சர்ட்சனில், கந்தசாமியின் வீட்டில் பட்டப்பகலில் நிகழ்ந்தது.

மகள் தென்றலின் திருமணத்திற்குத் தாலி, கூறைப்புடவை, நாதஸ்வரம் யாவும் ஏற்பாடாகிவிட்டன. மணமகள் மிதிக்க அம்மிக்கல் மட்டும் இல்லை. அதை ஊரிலிருந்து விமானத்தில் யார் சுமந்து வருவது?

திருமணத்திற்கு முந்தைய வாரம், புளூபானட் பூக்களிடையே படமெடுக்க, குடும்பத்தோடு பிராசோஸ் ஆற்றுப்பக்கம் சென்றிருந்தனர். வேலியோரம் ஒரு சிறு கற்குவியல். உச்சியில் தட்டையான கல்.

"ஏங்க, இதே போதுமே! கழுவி மஞ்சள் பூசுனா அம்மிதான்," என்றார் மனைவி வசந்தாமணி.

கந்தசாமி குனிந்தார். அவை சிதறிக் கிடந்த கற்களல்ல. யாரோ கவனமாக அடுக்கியவை. அது அவருக்குப் புரிந்தது. புரிந்தும் எடுத்தார்.

கராஜில் வைத்துக் கழுவித் துடைத்தார். மறுநாள் கல் நனைந்திருந்தது. சேறு படிந்திருந்தது. அந்த வாரம் முழுதும் மழையே இல்லை. மீண்டும் கழுவினார். மீண்டும் சேறு...

திருமணத்திற்கு முந்தைய நாள் பிற்பகல். வீட்டில் அவர் மட்டுமே. வாசல் கேமரா கைப்பேசியில் ஒலித்தது. திரையில் ஒரு வெள்ளைக்காரப் பெண். தரை தொடும் ஈர அங்கி. முழங்கை வரை சேறு. அவள் மணியை அழுத்தவில்லை. கராஜ் கதவையே பார்த்து நின்றாள்.

ஓடிச்சென்று திறந்தார். சுட்டெரிக்கும் வெயில். எவருமில்லை.

க்ரீச்... க்ரீச்... மாட்டுவண்டிச் சக்கரம் போன்ற ஓசை தெருமுனையில் தேய்ந்தது.

அன்றே திருப்பி வைத்திருக்கலாம். நாளை முகூர்த்தம், வேறு கல்லுக்கு எங்கே போவது? கல்லில் மஞ்சள் பூசினார்.

மணமேடையில் மாப்பிள்ளை செழியன் தென்றலின் வலது பாதத்தைப் பிடித்துக் கல்லின்மேல் வைத்தான். அவள் முகம் வெளிறியது.

"அப்பா, இன்னொரு கை என் காலைப் பிடிச்சுது," என்று பிறகு கிசுகிசுத்தாள். "ஸோ ஸ்மால். ஸோ கோல்ட், ஐஸ் மாதிரி."

"ஏதாவது குழந்தையா இருக்கும்மா."

"ஸ்டேஜ்ல குழந்தையே இல்லப்பா."

அடுத்த சனிக்கிழமை தனியே காரோட்டிச் சென்றார். வேலியருகே நின்ற முதிய பெண்மணியிடம் தலைகுனிந்து கல்லைக் காட்டினார். நிலம் அப்பெண்மணியுடையது. அவர் ஏசவில்லை. மெல்லச் சொன்னார்.

மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற டெக்சஸ் போரிட்ட 1836ஆம் ஆண்டு. காடு திருத்திச் சோளம் விதைத்திருந்த குடியேறிகள், மெக்சிகோப் படை நெருங்கியதும் அடைமழையில் கிழக்கே ஓடினார்கள். அப்பெண்மணியின் மூதாதையான ஒரு தாயின் சிறு மகன் வண்டியிலேயே இறந்தான். மண்வெட்டி இல்லை. வெறுங்கைகளால் தோண்டிப் புதைத்தாள். ஓநாய்கள் கிளறாதிருக்கக் கல் அடுக்கினாள்.

கந்தசாமி கல்லை வைக்கக் குனிந்தார்.

கை நின்றது.

குவியலின் நடுவே மண் பிளந்திருந்தது. மேலிருந்து எவரும் தோண்டவில்லை...

உள்ளிருந்து.

கைப்பேசி ஒலித்தது. ஆஸ்டினில் புதுக்குடித்தனம் போன தென்றல்.

"அப்பா... அபார்ட்மென்ட் கார்ப்பெட்ல எல்லாம் சேறு. குட்டிக் குட்டிப் பாதம். டோர்லேர்ந்து பெட்ரூம் வரைக்கும்..."

கந்தசாமி பிளந்த மண்ணைப் பார்த்தார்.

"திரும்பிப் போன தடமே இல்லப்பா."