பரோட்டா மாவும் பந்தய கேமும்

எனக்கென்று இருந்தது ஒரு பழைய பைக். சாயல்குடி உப்பளம், முதுகுளத்தூர் மிளகாய் மண்டி, தேவிபட்டினம் மீன் ஏலம் என்று வேலை எங்கே கிடைத்தாலும் அதில்தான் போவேன். தங்க இடம் கிடைக்காத ஊர்களில் அதன் பக்கத்திலேயே படுத்துக்கொள்வேன். அது நின்றால் நானும் நின்றுவிடுவேன்.

அதன் கேம்ஷாஃப்ட் தேய்ந்துபோனது. வால்வுகளை நேரம் பார்த்துத் திறந்துவிடும் தண்டு அது; பட்டறையில் சுருக்கமாக கேம் என்பார்கள். மண்டபம் ஊரில் பட்டறை வைத்திருந்த சிநேகிதன் இரண்டு கேம் தேடி வைத்திருந்தான். ஒன்று பழைய அளவு. மற்றது பந்தய வண்டிக்கானது. வால்வை இன்னும் ஆழமாக இறக்கும், வண்டி பாயும். பாம்பன் பாலத்தின் எதிர்காற்றில் லாரிகளுக்கு ஒதுங்கியே பழகிய எனக்கு இரண்டாவதன் மேல்தான் கண்.

"மேல வார பிஸ்டனும் கீழ எறங்குற வால்வும் முட்டுனா பிஸ்டன் ஒடஞ்சு போகும். இந்த வண்டிக்கு வேற பிஸ்டன் எங்கனயும் கெடைக்காது மாப்ளே. அளந்துட்டுத்தான் மாட்டணும்" என்றான்.

பிஸ்டன் தலையில் களிமண் மாதிரி எதையாவது அப்பி, சிலிண்டர் மூடியை இறுக்கி, எஞ்சினைக் கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வால்வு அதில் பதியும். பதிந்த இடத்தில் மிஞ்சும் கனம்தான் இடைவெளி. கடற்கரை மண்ணில் மணல் இருக்கும், சிலிண்டரைக் கீறிவிடும். அதனால் பக்கத்துப் பரோட்டா கடையில் ஒரு உருண்டை மாவு வாங்கிவந்தேன்.

பந்தய கேமை மாட்டிச் சுற்றினோம். மூடியைத் திறந்து, மாவைப் பிளேடால் அறுத்தால் நல்ல தடிமன்.

"ஏலே, உள்ள ஒரு ஆட்டையே கட்டிப்போடலாம்லே!" என்று சிநேகிதன் குதித்தான்.

சத்தம் கேட்டு, எதிரே இடியப்பம் விற்கும் அக்கா வந்தார். இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருப்பவர். மாவை விரலால் அழுத்தினார்.

"தம்பி, உது பரோட்டா மாவெல்லோ. அமத்தினா எழும்பும், பாருங்கோ."

பள்ளம் எங்கள் கண்ணெதிரே மெல்ல நிரம்பியது. வால்வு பதித்த பள்ளமும் இப்படித்தானே நிரம்பியிருக்கும்? அப்படியானால் நாங்கள் அறுத்துப் பார்த்த தடிமனே பொய்.

"அரிசி மா எண்டா அமத்தினபடியே கிடக்கும். பொறுங்கோ, கொண்டுவாறன். மேல எண்ணெய் தடவுங்கோ, இல்லாட்டி வால்வில ஒட்டும்."

"பட்டறைய ஒங்களுக்கே எழுதித் தாரேன்க்கா" என்றான் முழங்கை வரை கிரீஸ் அப்பியிருந்த சிநேகிதன்.

"வேண்டாம். எனக்குக் குளிக்கிற பழக்கம் இருக்கு."

இடியப்ப மாவு பொய் சொல்லவில்லை. பந்தய கேமுக்கு மிஞ்சியது வெங்காயச் சருகின் கனம். எஞ்சின் சூடேறி வேகம் பிடித்திருந்தால் பிஸ்டன் அன்றைக்கே போயிருக்கும். பழைய அளவு கேமை மாட்டி மறுபடி மாவு வைத்தோம். ஒரு ரூபாய்க் காசு இரண்டை அடுக்கிய கனம் நின்றது. அதையே போட்டோம்.

மாவை மிச்சமில்லாமல் துடைத்து, எல்லாம் இறுக்கி உதைத்ததும் வண்டி உயிர் பிடித்தது. அக்கா ஒரு தூக்குச் சட்டியைப் பின்னால் கட்டினார். ராமேஸ்வரத்தில் ஒரு விடுதிக்கு இடியப்பம்.

பாலத்தின் நடுவே ஒரு லாரி என்னைக் கடந்தது. கிளீனர் தலையை நீட்டி, "அண்ணே, தள்ளிவிடணுமா?" என்று கத்தினான்.

"போலே, போ!" என்று சிரித்துக்கொண்டே ஒதுங்கினேன். காற்று முகத்தில் அறைந்தது. காதை எஞ்சின் பக்கம் சாய்த்துக் கேட்டேன். ஒரு தட்டல் சத்தம்கூட இல்லை.