பெரட்டுக்களத்தில் ஒரு தீர்ப்பு

சட்டப் பள்ளிக்குள் நுழைந்ததும் தேயிலைத் தூள் வாசம் அடித்தது. மூடிய எங்கள் தோட்டத்துத் தேயிலை ஃபேக்டரியில் சில வக்கீல்கள் சொந்தமாகத் தொடங்கிய பள்ளி இது. பேத்தி இங்கே தொழிலாளர் சட்டம் படிக்கிறாள். அவள் பயிற்சி வழக்காடிய முற்றமோ, பனியில் அம்மா கூடையோடு ஓடிவந்து, அன்றைய வேலைக்குப் பேர் கொடுத்த பெரட்டுக்களம். பிந்தினால், வேலையாட்களை மேய்க்கும் கண்டாக்கு, "இன்னைக்கு வேல இல்ல, போ" என்று விரட்ட, அம்மாவின் கம்பளியைப் பிடித்தபடி நானும் எங்கள் லயத்து வீட்டுக்குத் திரும்புவேன். இன்றைய வழக்கும் பிந்தியதால் விரட்டப்பட்ட கொழுந்துக்காரியைப் பற்றியதுதான். எந்தக் காலத்தில் இருக்கிறேன் என்றே குழம்பியது.

"அவருக்கு வேலை கொடுக்க வேண்டும்" என்று நீதிபதியாக உட்கார்ந்த வாத்தியார் தீர்ப்புச் சொன்னதும் எழுந்துவிட்டேன்.

"அப்ப எங்கம்மா மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகலாங்களா, ஐயா?"

"அம்மாயி, இது சும்மா பழகுற கேசு!" என்றாள் பேத்தி.

"இருக்கட்டும்டி. ஐயா மனசு மாறுறதுக்குள்ள அம்மா கூடையத் தூக்கிட்டுக் கெளம்பட்டும்."